ரியாக்டருக்குள் ராமன்: பலபடியாக்கலை ஓடும்போதே கண்காணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமன் ப்ரோபை ரியாக்டரில் பொருத்த நினைப்பவர்களும், பொருத்திவிட்டுத் திரையில் வரும் எண்ணைப் பார்த்துக் குழம்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பலபடியாக்கல் என்பது மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகள் கோத்துப் பாலிமர் என்ற நீண்ட சங்கிலியாகும் வினை. ராமன் என்பது, லேசர் ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுவதை வைத்துப் பிணைப்புகளை அடையாளம் காணும் முறை. ஒளியை ரியாக்டருக்குள் கொண்டுபோகும் குழல்தான் ப்ரோப். அலைஎண்கள் எல்லாம் செ.மீ.⁻¹ அலகில். ஒவ்வொரு முறையும் அலகை எழுதாமல் எண்ணை மட்டும் தருகிறோம்.

1. மணிக்கு ஒரு சாம்பிள் எடுத்து ஜி.சி.யில் (கேஸ் குரோமட்டோகிராஃபி) போட்டாலே கன்வெர்ஷன் (மோனோமரில் எவ்வளவு பாலிமரானது என்பது) தெரிந்துவிடுமே, இதற்கு எதற்கு ராமன்?

மெதுவாக, சாதுவாக ஓடும் வினை என்றால் ஜி.சி.யே போதும். ராமன் தேவைப்படுவது இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே ஏதாவது நடந்துவிடும் வினைகளில்தான். மெத்தில் மெத்தாக்ரிலேட்டைக் கரைப்பான் இல்லாமல் ஓட்டினால் 20 முதல் 40 சதவீதத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் வேகம் திடீரென்று எகிறும். பாகுத்தன்மை ஏறியபின் சாம்பிள் குழாயில் எதுவும் இறங்காது. இறங்கினாலும், குப்பியில் விழுந்தபிறகும் வினை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ராமனில் எதையும் வெளியே எடுக்க வேண்டாம். ஃபைபர் வழியாக லேசர் உள்ளே போகிறது, சிதறிய ஒளி இன்னொரு ஃபைபர் வழியாகத் திரும்பி வருகிறது. நிமிடத்துக்கு ஒரு புள்ளி எளிதாகக் கிடைக்கும்.

2. அந்த ஒளியில் அப்படி என்ன தெரிகிறது? எந்தப் பீக்கை (நிறமாலை முகட்டை) பார்க்க வேண்டும்?

வினைல் மோனோமர்களில் பார்க்க வேண்டியது கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு. பலபடியாகும்போது அது ஒற்றைப் பிணைப்பாகிவிடும், அதற்கான பீக் தேயும். இந்தப் பிணைப்பு ராமனில் பளிச்சென்று தெரியும். தண்ணீர் ராமனில் மிக மங்கல். எமல்ஷன் பலபடியாக்கலுக்கு (மோனோமரைத் தண்ணீரில் நுண்துளிகளாகப் பரப்பி ஓட்டுவது) அகச்சிவப்பை விட ராமன் தோதாக இருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ஸ்டைரீனுக்கு 1630, மெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கு 1640, வினைல் அசிட்டேட்டுக்கு 1648 அருகே பாருங்கள். பியூட்டைல் அக்ரிலேட்டில் 1636, 1619 என்று இரட்டையாக வரும். மூலக்கூறு இரண்டு வடிவங்களில் மடங்கி இருப்பதால் வருவது அது, அசுத்தம் அல்ல. எபாக்ஸியில் வளையத்தின் பீக் 1255 அருகே, சற்று மெலிந்தது. லாக்டைடில் வளையம் திறப்பதை 656இல் பின்தொடரலாம்.

3. அந்தப் பீக் பாதியாகக் குறைந்தால் கன்வெர்ஷன் 50 சதவீதம்தானே?

இல்லை. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. பீக்கின் அளவை மோனோமர் மட்டும் தீர்மானிப்பதில்லை. லேசரின் சக்தி நகரும், ஃபைபர் வளைந்தால் ஒளி குறையும், கலவை சுருங்கும் (மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் அடர்த்தி 0.94, அதன் பாலிமருக்கு 1.18), கலங்கல் ஏறும். அதனால் வினையில் மாறாத இன்னொரு பீக்கை எடுத்து, அதனால் வகுத்த விகிதத்தைத்தான் பின்தொடர வேண்டும்.

ஸ்டைரீனை வைத்து ஒரு கணக்கு. தொடக்கத்தில் 1630 பீக்கின் பரப்பு 42,000, மாறாத 1000 பீக்கின் பரப்பு 50,000, விகிதம் 0.84. நாற்பது நிமிடம் கழித்து 31,350, 55,000, விகிதம் 0.57. கன்வெர்ஷன் = 1 − (0.57 ÷ 0.84), அதாவது 32 சதவீதம். 1630ஐ மட்டும் நம்பியிருந்தால் 25 சதவீதம் என்று எழுதியிருப்பீர்கள். ஏழு புள்ளி பிழை, அதுவும் திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

4. ஒப்பீட்டுக்கு எந்தப் பீக்கை எடுப்பது? ஸ்டைரீனில் 1600 பீக் 1630க்குப் பக்கத்திலேயே இருக்கிறதே?

பக்கத்தில் இருப்பது வசதிதான், ஆனால் 1600ஐ எடுக்காதீர்கள். ஸ்டைரீனில் பென்சீன் வளையமும் வினைல் பிணைப்பும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் 1600 பீக் வழக்கத்தைவிட ஓங்கி நிற்கிறது. வினைல் போனதும் அதுவும் தணியும். கூடவே இறங்கும் பீக்கை வைத்து வகுத்தால் கன்வெர்ஷன் குறைவாகக் காட்டும். வளையம் மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்கும் 1000 பீக்தான் சரியான துணை. பல் நிரப்பும் பிஸ்-ஜி.எம்.ஏ. ரெசினில் கதை வேறு: அங்கே வளையமும் இரட்டைப் பிணைப்பும் ஒட்டி இல்லை. 1638ஐ 1608ஆல் தயங்காமல் வகுக்கலாம்.

கரைப்பானில் ஓட்டினால் வேலை இன்னும் சுலபம். டொலுயீனின் 786 பீக் வினையில் கலந்துகொள்ளாது. ஆனால் ஸ்டைரீனின் 776 அதன் தோளில் ஏறி நிற்கும் என்பதால், ஸ்டைரீன்–டொலுயீன் ஜோடிக்கு அது ஆகாது. கரைப்பான், மோனோமர், பாலிமர் மூன்றையும் தனித்தனியே பதிவு செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபிறகே பீக்கைத் தேர்ந்தெடுங்கள். அரை மணி நேர வேலை, பல வாரத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

தேர்ந்தது சரிதானா என்று வினையே ஓட்டாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. தடுப்பான் (தானாகப் பலபடியாகாமல் காக்கச் சேர்ப்பது) நீக்காத ஸ்டைரீன் 7 கிராமில் பாலிஸ்டைரீன் 3 கிராமைக் கரையுங்கள். பாலிமரும் மோனோமரும் ஒரே அலகால் ஆனவை என்பதால், எடைக் கணக்கில் இது 30 சதவீதக் கன்வெர்ஷனுக்குச் சமம். உங்கள் சூத்திரம் 30 என்று சொல்ல வேண்டும். 26 என்று சொன்னால் ஒப்பீட்டுப் பீக்கோ, பீக்கின் அடியில் வரையும் பின்னணி அடிக்கோடோ தவறு. 10, 20, 30 சதவீதக் கரைசல்களை மூடிய குப்பிகளில் இருட்டில் வைத்துக்கொண்டால், ப்ரோபைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் சில நாட்களுக்குப் பயன்படும்.

5. எந்த லேசர் வாங்குவது? 532, 785, 1064 என்று மூன்று சொல்கிறார்கள்.

சந்தேகமாக இருந்தால் 785 நானோமீட்டர். சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். அதனால் அதே சக்தியில் 532 கொடுக்கும் சிக்னல் 785ஐப் போல ஏறக்குறைய 4.7 மடங்கு, 1064 கொடுப்பதோ 785இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் 532இல் ஒளிர்வு என்ற தொல்லை கூடவே வரும் (6ஆம் கேள்வி). 1064இல் ஒளிர்வு அடங்கும், ஆனால் வழக்கமான ஒளி டிடெக்டரான சிலிக்கான் சி.சி.டி. பயன்படாது, இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் வேண்டும்.

785இல் ஒரு சூட்சுமம்: 1630 பீக் 900 நானோமீட்டரில் விழும், அங்கே சி.சி.டி. இன்னும் நன்றாகவே பார்க்கும். 3000க்கு மேலுள்ள பீக்குகள் 1027 நானோமீட்டரைத் தாண்டி விழுகின்றன, அங்கே சி.சி.டி. கிட்டத்தட்டக் குருடு. கார்பன்–ஹைட்ரஜன் நீட்சிப் பீக்கை ஒப்பீட்டுக்கு வைக்க நினைப்பவர்கள் வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளவும்.

தாமிரம் கொண்டு சங்கிலி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி நடத்தும் ஏ.டி.ஆர்.பி. வினைகளில் 785க்கு வேறொரு சிக்கல். தாமிரம்(II) அணைவுகள் சிவப்பு முனையிலும் அதற்கு அப்பாலும் ஒளியை விழுங்கும். ப்ரோப் முனையில் சூடு ஏறும், சிக்னலும் குறையும்.

6. பீக்குகள் எல்லாம் ஒரு பெரிய மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கருவி கெட்டுவிட்டதா?

அது ஒளிர்வு. பழைய மோனோமரில் தடுப்பான் ஆக்சிஜனேற்றமாகி மஞ்சளாகியிருக்கலாம், ரெசினில் சாயமோ அசுத்தமோ இருக்கலாம், சங்கிலி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தச் சேர்க்கும், நிறமுள்ள ஆர்.ஏ.எஃப்.டி. முகவராக இருக்கலாம். முதலில் மோனோமரை அலுமினாப் பத்தி வழியே விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேடு பாதியாகிவிடும். அடுத்து, லேசரைச் சில நிமிடம் ஒரே இடத்தில் காட்டினால் மேடு மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள். அசையாத சாம்பிளில் இறங்கும். கலக்கிக்கொண்டிருக்கும் ரியாக்டரில் புதுத் திரவம் வந்துகொண்டே இருப்பதால் இறங்காது.

மென்பொருளில் அடிக்கோட்டைக் கழிக்கலாம்தான். ஆனால் மேட்டோடு வந்த இரைச்சல் கழிவதில்லை. பீக்கைப் போலப் பத்து மடங்கு மேடு என்றால், எந்த மென்பொருளும் கடைசி சில சதவீதங்களைக் காப்பாற்றாது.

கூர்மையான, அகலமே இல்லாத கோடுகள் வந்தால் அது வேறு. ஒரே ஒரு நிறமாலையில் தோன்றி மறைந்தால் காஸ்மிக் கதிர். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அறை விளக்கு. லேசரை மூடிவிட்டு ஒரு பதிவு எடுங்கள். கோடுகள் அப்படியே இருந்தால் கண்ணாடி ரியாக்டரை அலுமினியத் தாளால் சுற்றுங்கள்.

7. ப்ரோபை எங்கே, எப்படிப் பொருத்த வேண்டும்?

திரவம் வேகமாக உரசிப் போகும் இடத்தில். கலக்கியின் இதழ் மட்டத்துக்கு அருகே, ஜன்னல் ஓட்டத்தை எதிர்கொள்ளும்படி சாய்த்து வையுங்கள். சுவரோரம், தடுப்புத்தட்டின் முதுகுப்புறம், அடிமூலை ஆகியவை தேங்கும் இடங்கள். நைட்ரஜன் குமிழ் ஏறும் பாதையும் கூடாது. குமிழ் கடக்கும்போதெல்லாம் சிக்னல் குதிக்கும்.

தெளிந்த கரைசலுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளிக் குவியும் ப்ரோப் நல்லது. பால்போன்ற எமல்ஷனில் ஒளி உள்ளே போகாது என்பதால் ஜன்னலை ஒட்டியே குவியும் வகை வேண்டும். ஆனால் அந்த வகை, ஜன்னலில் ஒட்டியதை முதலில் பார்க்கும். இதன் விளைவு 9ஆம் கேள்வியில்.

சஃபையர் ஜன்னலுக்கென்று 418, 645, 750 அருகே சொந்தப் பீக்குகள் உண்டு. தொல்லை என்று ஒதுக்காமல் காவலாளியாக வைத்துக்கொள்ளுங்கள். சஃபையரும் சாம்பிளும் சேர்ந்து இறங்கினால் கோளாறு லேசரிலோ ஃபைபரிலோ. சஃபையர் அப்படியே நிற்க சாம்பிள் மட்டும் இறங்கினால் கோளாறு ரியாக்டருக்குள்.

8. ஒரு பதிவுக்கு எவ்வளவு நேரம்? பூஜ்ய நேரம் என்று எதை எடுப்பது?

10 விநாடி வீதம் 6 முறை எடுத்துச் சராசரி போட்டால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி. பாதிக் கன்வெர்ஷனை எட்டுவதற்குள் குறைந்தது இருபது புள்ளிகளாவது கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு நேரத்தைத் தீர்மானியுங்கள். டிடெக்டர் நிரம்பிவிடக் கூடாது. தொடக்கத்தில் 60 சதவீதம் நிரம்பினால் பின்னால் கலங்கல் ஏறும்போது இடம் இருக்கும்.

பூஜ்ய நேர நிறமாலையைக் குளிர்ந்த மோனோமரில் எடுப்பது பரவலான தவறு. வினை வெப்பநிலைக்கு வந்தபின், தொடக்கியைச் சேர்க்கும் முன், ஐந்தாறு பதிவு எடுத்துச் சராசரி செய்யுங்கள். உங்கள் கணக்கின் ஒவ்வொரு புள்ளியும் இந்த ஒரு எண்ணால் வகுக்கப்படுகிறது. இது 2 சதவீதம் தவறினால் தொடக்கத்திலேயே 2 புள்ளி பிழை.

தொடக்கியைச் சேர்த்தபின் கோடு பத்து இருபது நிமிடம் தட்டையாகக் கிடந்தால் பதற வேண்டாம். தடுப்பானும் கரைந்த ஆக்சிஜனும் தீர்கிற நேரம் அது. அந்தத் தட்டை ஒவ்வொரு பேட்சிலும் நீண்டுகொண்டே போனால் நைட்ரஜன் இணைப்பைச் சரிபாருங்கள்.

9. கன்வெர்ஷன் 70 சதவீதத்துக்கு வந்து நின்றுவிட்டது. வினை நின்றுவிட்டதா, கருவி பொய் சொல்கிறதா?

இரண்டும் நடக்கும். வெப்பநிலைப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். ஜாக்கெட்டில் குளிர்விப்புத் தேவை இன்னும் இருக்கிறது, கன்வெர்ஷன் மட்டும் அசையவில்லை என்றால் ஜன்னலில் பாலிமர் படலம் ஒட்டியிருக்கிறது. ப்ரோப் படலத்தைப் படிக்கிறது, ரியாக்டரை அல்ல. உறுதி செய்ய, தெரிந்த அளவு மோனோமரைச் சிறிது சேர்த்துப் பாருங்கள்: சுத்தமான ஜன்னலில் 1630 உடனே குதிக்கும், படலம் மூடிய ஜன்னலில் சோம்பலாக ஏறும் அல்லது ஏறவே ஏறாது. வினையின் சூட்டைக் குளிர்விப்பு தாங்கும் என்ற நிலையில் மட்டுமே இந்தச் சோதனை.

வினையே நின்றிருக்கவும் கூடும். மெத்தில் மெத்தாக்ரிலேட்டை 60–70 டிகிரியில் கரைப்பானின்றி ஓட்டினால் 90 சதவீதத்தை ஒட்டி உறைந்துவிடும். பாலிமரின் கண்ணாடி நிலைமாற்றம் 105 டிகிரி அளவில் இருப்பதால், மோனோமர் குறையக் குறையக் கலவை கண்ணாடியாக இறுகி, எஞ்சிய மோனோமர் நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும். சூட்டை 110க்கு மேல் ஏற்றினால் மறுபடி நகரும். அப்போது கோடு ஏறினால் ராமன் உண்மையைத்தான் சொன்னது.

படலத்தைக் கரைக்க, அக்ரிலிக் என்றால் அசிட்டோன், பாலிஸ்டைரீன் என்றால் டொலுயீன். பாலிஸ்டைரீனை அசிட்டோனால் துடைத்தால் உப்பிப் பசையாகி இன்னும் மோசமாகும்.

10. எமல்ஷனில் மோனோமரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். ராமன் எப்போதும் 92 சதவீதம் என்கிறது. அப்படியென்றால் வினை முடிந்துவிட்டதா?

இல்லை, அது அந்த நேரத்துக் கன்வெர்ஷன். ரியாக்டருக்குள் வந்து சேர்ந்ததில் எவ்வளவு மாறியது என்பதைத்தான் ராமன் பார்க்கிறது. குடத்தில் காத்திருப்பது அதற்குத் தெரியாது. மொத்தம் 400 கிராம் ஸ்டைரீனில் 200 கிராம் உள்ளே போயிருக்கிறது, 8 சதவீதம் மாறவில்லை என்றால், தனியாகக் கிடக்கும் மோனோமர் 16 கிராம், உருவான பாலிமர் 184 கிராம். மொத்தக் கணக்கில் இது 46 சதவீதம்தான். பம்பு எடையை ராமன் கணக்கோடு சேர்க்காமல் இந்த எண் கிடைக்காது.

உண்மையில் இங்கே கவனிக்க வேண்டிய எண் அந்த 16 கிராம்தான். ஸ்டைரீனின் பலபடியாக்கல் வெப்பம் மோலுக்குச் சுமார் 70 கிலோஜூல், கிராமுக்கு 0.67. உள்ளே 600 கிராம் தண்ணீரும் இந்த 200 கிராமும் இருந்தால், 16 கிராம் முழுக்க ஒரே மூச்சில் வினைபுரிந்தாலும் 4 டிகிரிதான் ஏறும். அதே இடத்தில் 100 கிராம் குவிந்திருந்தால் 23 டிகிரி. குவியும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்து, தாண்டினால் பம்பு தானாக நிற்கும்படி செய்வதுதான் ராமனை ரியாக்டரில் மாட்டுவதன் மிகப் பெரிய பலன் என்பது எங்கள் கருத்து.

தண்ணீர் மங்கல் என்று 2இல் சொன்னோம். முழுக்க இல்லாமல் இல்லை: 1640 அருகே அதற்கு அகலமான, மெலிந்த பீக் உண்டு. மோனோமர் நிறைய இருக்கும்போது தெரியாது. கடைசி 2, 3 சதவீதத்தில் அது மோனோமர் போலவே வேடம் போடும். மோனோமர் இல்லாத லேடெக்ஸின் (எமல்ஷனில் உருவாகும் பாலிமர் பாலின்) நிறமாலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

11. ஸ்டைரீனும் பியூட்டைல் அக்ரிலேட்டும் சேர்ந்தால் இரட்டைப் பிணைப்புப் பீக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. பி.எல்.எஸ். (முழு நிறமாலையையும் வைத்து அளவைக் கணிக்கும் புள்ளியியல் முறை) போட்டால் சரியாகிவிடுமா?

சரியாகும், கலிப்ரேஷன் சாம்பிள்கள் சரியாக இருந்தால். வழக்கமான ஒரு பேட்சை ஓட்டி, அதிலேயே முப்பது சாம்பிள் எடுத்துக் கணிப்பு மாதிரி கட்டுவதுதான் நடக்கிற தவறு. அந்தப் பேட்சில் மோனோமர் இறங்கும்போதெல்லாம் பாலிமர் ஏறுகிறது, கலங்கல் ஏறுகிறது. கணினிக்கு எது எதனால் என்று தெரியாது. மோனோமரை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு கலங்கலை அளக்கும். வரைபடம் அழகாக வரும். பம்பு அடைத்துக்கொள்ளும் நாளில் தவறாகச் சொல்லும்.

இந்தக் கட்டை உடைக்க, முடிந்த லேடெக்ஸில் இரண்டு மோனோமர்களையும் வெவ்வேறு விகிதங்களில் வேண்டுமென்றே சேர்த்து, வினை வெப்பநிலையிலேயே பதிவு செய்யுங்கள். பாலிமர் அதிகம் – மோனோமரும் அதிகம், பாலிமர் குறைவு – மோனோமரும் குறைவு போன்ற, சாதாரணப் பேட்சில் வராத சேர்க்கைகள் அதில் இருக்க வேண்டும். மாதிரியைச் சோதிக்க எடுக்கும் பேட்ச் கலிப்ரேஷனில் கலந்திருக்கவே கூடாது.

12. எஞ்சிய மோனோமர் இத்தனை பி.பி.எம். என்று சான்றிதழ் எழுத ராமன் போதுமா?

போதாது. பீக் பரப்பின் இரைச்சல், தொடக்கப் பரப்பில் 1 சதவீதம் என்று வையுங்கள். 50 சதவீதக் கன்வெர்ஷனில் அது 50 ± 1, பிரமாதம். 98இல் எஞ்சியதே 2 சதவீதம், அதில் ± 1 என்றால் பாதி நிச்சயமில்லை. நீண்ட நேரம் சராசரி எடுத்தால் கொஞ்சம் மேம்படும். பி.பி.எம். கணக்குக்கு ஜி.சி.தான்.

13. மூலக்கூறு எடை தெரியுமா? பாலியூரித்தேனுக்கும் இதையே வைக்கலாமா?

மூலக்கூறு எடை நேரடியாகத் தெரியாது. சங்கிலியில் நூறு அலகா ஆயிரம் அலகா என்று பிணைப்பின் அதிர்வு சொல்லாது. பாலியூரித்தேனில் ஐசோசயனேட் குழுவின் 2270 பட்டை அகச்சிவப்பில் மிகப் பலமானது, ராமனில் மெலிந்தது, அங்கே ஏ.டி.ஆர். என்ற அகச்சிவப்பு ப்ரோப் வைப்பதே புத்திசாலித்தனம்.

14. ஒளியால் இறுகும் ரெசினில் லேசரே வினையைத் தொடங்கிவிடாதா?

நியாயமான பயம். கேம்ஃபர்குயினோன் என்ற ஒளித் தொடக்கி 468 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும், 785ஐ அது கண்டுகொள்ளாது. ஆனால் 532 லேசர் வைத்திருந்து, பச்சை ஒளியையும் உறிஞ்சும் டைட்டனோசீன் வகைத் தொடக்கி இருந்தால் நிச்சயம் தொடங்கும். ஐயம் இருந்தால் இறுக்கும் விளக்கை அணைத்துவிட்டு, ராமன் லேசரை மட்டும் பத்து நிமிடம் காட்டி இரட்டைப் பிணைப்பு விகிதம் இறங்குகிறதா என்று பாருங்கள். கறுப்பு நிறமி கலந்த ரெசினில் வினை தொடங்காவிட்டாலும் சூடு ஏறும், சக்தியைக் குறையுங்கள்.

இதோடு ஒன்று: 785 கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், ஆனால் ப்ரோபிலிருந்து வரும் சில நூறு மில்லிவாட் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லாமல் ப்ரோபைக் கழற்றாதீர்கள். எரியும் ஆவி உள்ள ரியாக்டரில், திரவ மட்டம் ஜன்னலுக்குக் கீழே இறங்கினால் லேசர் தானாக அணையும் இணைப்பு கட்டாயம்.

15. எல்லாம் சரியாகச் செய்தும் ராமனும் ஜி.சி.யும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

வித்தியாசம் எந்த உருவத்தில் வருகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் அதிகமாக இருந்து, கன்வெர்ஷன் ஏற ஏறக் குறைந்தால் பூஜ்ய நேர எண் தவறு (8). தொடக்கத்தில் இல்லாமல், நடுவில் பெருகி, முடிவை நெருங்கச் சுருங்கும் வித்தியாசம் என்றால் ஒப்பீட்டுப் பீக் தவறு (4). கடைசியில் மட்டும் பிரிந்தால் ஜன்னல் படலமோ தண்ணீரோ (9, 10).

ஜி.சி. கோடு சில நிமிடம் முந்தியே ஓடினால் கோளாறு சாம்பிளில். வெளியே எடுத்ததை உடனே பனிக்கட்டியில் இறக்கி ஹைட்ரோகுயினோன் கரைசலில் விடாவிட்டால், குப்பியிலும் வினை ஓடி கன்வெர்ஷன் கூடுதலாகவே காட்டும். ஹைட்ரோகுயினோன் வேலை செய்ய ஆக்சிஜன் உதவும், எனவே குப்பியில் கொஞ்சம் காற்று இருக்கட்டும். ஊசியில் ஏற்றும் முன் பாலிமரை வீழ்படிவாக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கட்டிக்குள் சிக்கிய மோனோமர் ஜி.சி.க்குப் போகாது, அதுவும் கன்வெர்ஷனை ஏற்றியே காட்டும். உலர்த்தி எடைபோடும் முறையில் சிக்கிய மோனோமர் பாலிமராக எண்ணப்படும், விளைவு அதே திசையில்தான். மூன்று முறைகளில் இரண்டு ஒத்துப்போகின்றன என்பதற்காக ராமனைக் குற்றம் சொல்லும் முன், 4ஆம் கேள்வியில் சொன்ன 30 சதவீதக் குப்பியை எடுத்து ப்ரோபை அதில் நனையுங்கள்.